மைக் பிடிப்பது மட்டுமல்ல வேலை

2023 மார்ச் தொடக்கத்தில் இரண்டு வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் பரவின. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்றது கூடவே வந்த தகவல். அவற்றில் ஒன்று, பீகார் தொழிலாளர்களே இரு தரப்பாக மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. தமிழ்நாடு காவல்துறையின் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபுவே வீடியோவில் பேசி மறுக்க வேண்டியிருந்தது. நிலைமையை அறிய பீகார் அரசு ஒரு குழுவை இங்கே அனுப்பியது.

அப்படியொரு வீடியோ கைக்கு வந்ததும், நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கடைப் பலகையில் என்ன எழுத்து, வண்டி நம்பர் எந்த மாவட்டம், பின்னால் கேட்கிற பேச்சு எந்த வட்டாரம் என்று பிடிக்கிறவர்தான் இன்றைய செய்தி அறைக்கு வேண்டிய ஆள். ஒரு காட்சியைத் தனியாக எடுத்து இணையத்தில் படத் தேடல் செய்தால், பழைய வீடியோ பல நேரம் அங்கேயே சிக்கிவிடும். தமிழில் இதற்கென்றே யூடர்ன் போன்ற தளங்கள் இயங்குகின்றன.

காட்சி ஊடகமும் டிஜிட்டல் இதழியலும் படிக்க வருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்குச் செய்தி வாசிப்பாளர் நாற்காலிதான் கனவு. அந்த நாற்காலிகள் கொஞ்சம். அரைமணிச் செய்திக்குப் பின்னால் இருக்கிற வேலைகளோ ஏராளம். நிருபர்களை ஏவி, வருகிற விஷுவலை வாங்குவது இன்புட் டெஸ்க். ஸ்கிரிப்ட் எழுதி, எது முதலில், எது அடுத்தது என்று ரன்டவுன் போடுவது அவுட்புட். அதை நேரலையில் ஓட்டுவது பி.சி.ஆர். என்கிற கட்டுப்பாட்டு அறை. வீடியோ எடிட்டர், கிராபிக்ஸ், யூடியூபுக்கும் ஷார்ட்ஸுக்கும் தனி ஆட்கள் என்று பட்டியல் நீளும். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017இல் வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. பிபிசி தமிழ் இப்போது இணையத்திலும் வீடியோவிலும் செயல்படுகிறது. வேலையும் அந்தப் பக்கமாகத்தான் நகர்ந்திருக்கிறது.

படிப்பில் பலரும் அலட்சியப்படுத்துவது ஒலியை. வெள்ளம் புகுந்த தெருவில் ஒன்றரை நிமிடத் தொகுப்பு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வாய்ஸ் ஓவருக்கு முன் இரண்டு விநாடி, முழங்கால் தண்ணீரில் ஆட்கள் நடக்கிற சலசலப்பு மட்டும் கேட்டால் போதும், பார்க்கிறவர் அந்தத் தெருவுக்குள் வந்துவிடுவார். வீட்டை இழந்த பாட்டி பேசும் பைட்டில் காற்று இரைந்தால் எல்லாம் வீண். படம் கொஞ்சம் ஆடினால் சமாளிக்கலாம். கேட்காத குரலை எடிட்டிங்கில் மீட்க முடியாது. காதில் ஹெட்போன் மாட்டாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தாத பழக்கம் கல்லூரியிலேயே வர வேண்டும்.

எங்கே படிப்பது? டெல்லியின் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் 1965 முதல் நடக்கிறது. பெங்களூரில் 1994இல் தொடங்கி 2000இல் சென்னைக்கு வந்த ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், பட்டதாரிகளுக்கு ஓராண்டு டிப்ளமா தருகிறது. வளாகத்துக்குள்ளேயே ஒலி பழகவும் வழி உண்டு: அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்.எம். 2004இல் தொடங்கிய வளாக சமுதாய வானொலி. வேறு பாடம் படிக்கிறவர்களுக்கும் விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் எத்தனையோ காலமாக வாசல் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் சிரமத்தை மறைக்கக் கூடாது. தீபாவளியன்றும் ஷிப்ட் உண்டு. மாவட்டங்களில் ஸ்ட்ரிங்கராக இருப்பவர்களில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது, அனுப்புகிற செய்திக்குத்தான் காசு. வெள்ளத்திலும் கலவரத்திலும் முதலில் போய் நிற்பவர்கள் அவர்கள்தான். இந்த அநியாயத்தை ஊடக முதலாளிகள் சரிசெய்தே ஆக வேண்டும்.

பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டுமுன் கல்லூரிக்கு நேரில் போங்கள். ஸ்டூடியோவின் குளிர்சாதனத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்காதீர்கள். போன மாதம் மாணவர்கள் வெளியே போய் எடுத்துவந்த செய்தித் தொகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால், அங்கே சேர வேண்டாம்.