பல்லியல்லாத பல்லி

லிட்டில் இந்தியாவில் நாம் உரையாற்றிய அவைகளில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு: "தமிழிலிருந்துதானே தெலுங்கு பிறந்தது?" இல்லை என்றே விடை கூறி வருகிறோம். இரண்டும் தொல்திராவிடத்திலிருந்து கிளைத்த உடன்பிறப்பு மொழிகள். ஒன்று மற்றொன்றுக்குத் தாய் அன்று. இதே வகைப் பிழை விலங்கியலிலும் நெடுங்காலம் வழங்கியது. அதனை விளக்க ஒரு தொல்விலங்கை எடுத்துக்கொள்கிறோம்.

லிஸ்ட்ரோசாரஸ் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பருத்த உடல், ஆமையினது போன்ற அலகு, மேல்தாடையில் இரு தந்தங்கள்; உணவு தாவரம். மேற்கு வங்கத்தில் இராணிகஞ்சு அருகே பஞ்செட் பாறைகளில் கிடைத்த இதன் எலும்புகளைப் பற்றி 1865இல் தாமஸ் ஹக்ஸ்லி எழுதினார். 1870இல் எட்வர்ட் கோப் சூட்டிய கிரேக்கப் பெயருக்கு 'மண்வாரிப் பல்லி' என்பது பொருள்.

ஆனால் இது பல்லியன்று. பாடநூல்கள் இத்தகையவற்றைப் 'பாலூட்டி போன்ற ஊர்வன' என்றன, அதுவும் பொருந்தாது. மண்டையோட்டில் கண்குழிக்குப் பின்னே, பக்கத்திற்கு ஒரு துளையே இதற்கு உண்டு. பல்லிக்கும் டைனோசருக்கும் உரிய கிளையின் அடிப்படை அமைப்போ இரு துளைகள். இவ்விரு கிளைகளும் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. எனவே ஊர்வனவற்றிலிருந்து பாலூட்டிகள் தோன்றவில்லை. இரண்டுக்கும் பொது மூதாதை ஒன்று இருந்தது. லிஸ்ட்ரோசாரஸும் நமக்கு நேர்ப் பாட்டி அன்று, பாட்டியின் தமக்கை எனலாம். அதன் குலம் வழித்தோன்றலின்றி அற்றுப்போயிற்று.

பஞ்செட் பாறைகள் கோண்டுவானாத் தொகுதியைச் சேர்ந்தவை. இவ்விலங்கு தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்தது. 1969 டிசம்பரில் அண்டார்க்டிகாவிலும் கிடைத்தது. பெருங்கடலை நீந்திக் கடக்கும் உடலமைப்பு அதற்கு இல்லை. நிலங்கள் ஒன்றாயிருந்தன என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. அப்பெருநிலத்தின் பெயர் நடு இந்தியக் கோண்டு மக்களின் பெயரால் அமைந்தது. அவர்தம் கோண்டி மொழி திராவிடக் குடும்பத்தது என்பதை எண்ணும்போதெல்லாம் நமக்கு ஒரு மகிழ்ச்சி. எனினும் 'கோண்டு' என்பது பிறர் இட்ட பெயரே. அவர்கள் தம்மைக் 'கோயித்தூர்' என்பர்.

பிறர் இட்ட பெயர் பொருந்தாதபோது என் செய்வது? லிஸ்ட்ரோசாரஸ் என்பதை மாற்றவியலாது. முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்பது விலங்கியல் நெறி. தமிழ்க் கலைச்சொல்லுக்கு அத்தடை இல்லை. 'பாலூட்டி போன்ற ஊர்வன' என்பதை விலக்கிப் 'பாலூட்டித் தொல்கிளையினம்' என்று எழுதலாம் என்பது நம் கருத்து. பாடநூல் எழுதும் ஆசிரியர்கள் இதனினும் சிறந்த சொல் காண்பாராயின், நாமும் அதனையே வழங்குவோம்.