தகர வில்லையும் விமானச் சீட்டும்

தீபாவளி முடிந்து பட்டாசு ஆபீஸ்கள் மூடியிருக்கும் சில வாரங்கள்தான் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் குடும்பத்தோடு வெளியூர் போகத் தோதான காலம். முன்பெல்லாம் பழனி, திருச்செந்தூர், மிஞ்சிப்போனால் கன்னியாகுமரி. இப்போது இலங்கைக்கும் ஆள் சேர்க்கிறார்கள். மதுரையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு, மறுநாள் கண்டி. புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை, ஏரி, நுவரெலியா, சீதையம்மன் கோவில் என்று போகும் இடங்களின் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.

நான் கண்டிக்குப் புறப்படும் சேதி தெரிந்ததும் எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி கேட்டாள்: “ஏய்யா, கண்டிச்சீமைக்கா போற? எங்க தாத்தா தேயிலைக்குப் போனாரு. பெறகு ஊர்ப்பக்கம் வரவே இல்ல.” அவளுக்கு அது சுற்றுலா ஊர் இல்லை. இந்தக் கரிசல் காட்டில் மழை பொய்த்த ஆண்டுகளில் ஆட்களை வாங்கிக்கொண்ட ஊர்.

அந்தக் காலத்துப் பயணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். அந்தக் கடன் மலையேறும் முன்பே தலையில் ஏறிவிடும். ஆரம்பத்தில் ராமேசுவரம் வரை நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு மறுபடி நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1876இல் மதுரை - தூத்துக்குடி ரயில் வந்தபின் சாத்தூரில் ஏறித் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் பிடிக்க முடிந்தது. பிற்பாடு தட்டப்பாறையில் முகாம் போட்டு, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி, நாள் கணக்கில் நிறுத்தி வைத்துத்தான் அனுப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பது எண்ணாக அதில் பொறித்திருக்கும். தொலைக்காமல் இருக்கக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். பெயரைவிட அந்த எண்தான் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் மண்டபம் முகாம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

இப்படிப் போனவர்களுக்குக் கண்டி, கூலி வேலைக்குப் போகிற வழியில் வருகிற ஊர். அங்கே அரண்மனை இருப்பதை எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள்?

அந்த அரண்மனையோ நம் பக்கத்து மனிதர்கள் ஆண்ட இடம். கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து நாயக்கர் வீட்டுப் பெண்களை மணமுடித்து அழைத்துப்போவது வழக்கம். 1739இல் நேரடி வாரிசு இல்லாமல் போகவே, ராணியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், 1747 முதல் 1782 வரை ஆண்டவர், திருநீறு பூசுகிறார் என்று அவர்மேல் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் இலங்கையில் முறைப்படி துறவுத் தீட்சை கொடுக்கப் பிக்குகளே இல்லாதிருந்த நிலையில், 1753இல் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து அந்த மரபை மீட்டவர் அவர்தான். எசல பெரஹெரா ஊர்வலத்தில் புத்தரின் புனிதப் பல்லுக்கு முதலிடம் கொடுத்ததும் அவர் காலத்தில்தான். பிற மதத்தை மதித்த அரசர்களைப் பற்றிப் பேசும்போது இந்த மதுரைக்காரரை நாம் மறந்தே போகிறோம். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

கண்டியைப் போலவே எங்கள் ஊரும் ஆங்கிலேயரிடம் போனதுதான். பாளையமாக இருந்த ஏழாயிரம்பண்ணை, 1799இல் கட்டபொம்மன் தோற்றபோது பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துப் பறிக்கப்பட்டது. பாளையங்களின் கோட்டைகளை இடிக்கச் சொல்லி ஆங்கிலேயத் தளபதி பானர்மேன் உத்தரவு போட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1815 மார்ச் 2ஆம் தேதி, கண்டியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. செதுக்கிய மரத்தூண்கள் நிற்கும் கண்டி அரண்மனைக் கொலு மண்டபம் இன்றும் அப்படியே இருக்கிறது; உள்ளே போய் நிற்கலாம்.

நடுவில் பாதை பலமுறை அறுந்தது. 1964 அக்டோபரில் தோட்டத் தமிழரில் பலரைத் திருப்பி அனுப்ப வழிசெய்த சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், பிறகு உள்நாட்டுப் போர். 1998 ஜனவரி 25 அன்று தலதா மாளிகை வாசலிலேயே குண்டு வெடித்தது. இன்றைக்கும் நுழைவாயிலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். முழங்காலும் தோளும் மூடிய உடை, வெறுங்கால். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பதை அங்கே அவமதிப்பாக நினைப்பார்கள். செல்ஃபி எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

மாலைப் பூசைக்கு நின்று பாருங்கள். கீழே மேளக்காரர்கள் முழக்கத் தொடங்கினால் மரத்தளம் அதிரும். மாடியில் வெள்ளை உடுத்திய கூட்டம் தாமரையோடும் அல்லியோடும் நகர்ந்துகொண்டே இருக்கும். கருவறைக் கதவு திறந்திருக்கும் நேரத்தில் வரிசையைக் கடக்கும் கண நேரம்தான் தரிசனம். தெரிவது பல் அல்ல, தூபி வடிவத்துப் பொற்பேழை. அதற்குள் பேழைக்குள் பேழையாக வைத்து, கடைசிப் பேழைக்குள்தான் பல்.

டூர் வேன்கள் இதற்குத் தருவது ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஆபரணக் கடைக்கும் மசாலாத் தோட்டத்துக்கும் அதைவிட அதிகம். கண்டிக்கு ஒரு முழு நாள் கேட்டு வாங்குங்கள் என்பேன். மாளிகைக்கு எதிரிலேயே பத்தினித் தெய்வத்தின் கோவில் இருக்கிறது. அவள் நம் கண்ணகி. சிங்களத் தாய்மார்கள் பிள்ளைகளின் நலம் கேட்டு அவள் முன் நிற்பதைப் பார்க்கலாம். ராணிகள் வாழ்ந்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம். ஏரியோரத்து எண்கோண மண்டபமும் ஏரியும் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்தவை.

ஆங்கிலேயர் அவரைப் பிடித்துக் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள்; 1832இல் அங்கேயே இறந்தார். இங்கிலாந்துக்குக் கொண்டுபோன கண்டி அரியணை 1934இல் திரும்பி வந்து கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசரின் சமாதி வேலூரில் பாலாற்றங்கரையில். அதன்மேல் தமிழக அரசு எழுப்பிய முத்து மண்டபம் 1990இல் திறக்கப்பட்டது. சென்னையில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு பகலில் அதையும் பார்த்துவிட்டு வரலாம்.