உலர்கண்: சொட்டு மருந்து வாங்குவதற்கு முன்

உலர்கண் என்றால் கண்ணீர் வற்றிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வற்றுவது ஒரு வகை. சுரந்த கண்ணீர் கண்ணின் மேல் நிற்காமல் சட்டென ஆவியாகிவிடுவது இன்னொரு வகை. மருத்துவர்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். கருவிழியின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தில் அடியில் வழுவழுப்பான சளிப்பூச்சு, நடுவில் உப்புநீர், மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்த எண்ணெயைத் தருபவை இமை விளிம்பில் வரிசையாக அமைந்த மைபோமியன் சுரப்பிகள். அவை அடைத்துக்கொண்டால் நீர் வேகமாக ஆவியாகும். மிஞ்சிய நீரில் உப்பு கூடி, கண்ணின் மேற்பரப்பு புண்பட்டு அழற்சி தொடங்கும். அழற்சி கண்ணீரின் தரத்தை மேலும் கெடுக்கும். இந்தச் சுழல்தான் நோயை நாள்பட்டதாக்குகிறது.

மணல் விழுந்தாற்போல் உறுத்தல், எரிச்சல், மாலையில் மங்கும் பார்வை, கண்ணை இமைத்தால் தெளிவது ஆகியவை அறிகுறிகள். உறுத்தல் தாளாமல் சிலருக்குக் கண்ணீர் கொட்டவும் செய்யும். “தண்ணியா ஊத்துது, இதுக்குப் பேரா உலர்கண்?” என்று அவர்கள் கேட்பதில் வியப்பில்லை.

திரையைப் பார்க்கையில் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் கைப்பேசியின் மேல் பழி விழுகிறது. பழி நியாயம்தான், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. வயது, மாதவிடாய் நின்ற காலம், நீரிழிவு, முடக்குவாதம், காண்டாக்ட் லென்ஸ், ஒவ்வாமைக்கும் மன அழுத்தத்துக்கும் தரும் சில மாத்திரைகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் எல்லாமே காரணமாகலாம். கண்ணோடு வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் ஷோக்ரன் நோயா என்று இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அது உடலின் எதிர்ப்புச் சக்தி சுரப்பிகளையே தாக்கும் நோய்.

பரிசோதனை எளிது. கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையை மடித்துச் செருகி 5 நிமிடம் விடுவது ஷிர்மர் சோதனை. பட்டை 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையவில்லை என்றால் சுரப்பு மிகக் குறைவு. மஞ்சள் சாயமிட்டு, இமைக்காமல் இருக்கும்போது கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் கிழிகிறது என்றும் பார்ப்பார்கள். 10 நொடிக்குள் கிழிந்தால் குறை உண்டு.

வகை தெரிந்தால்தான் சிகிச்சை பொருந்தும். சுரப்பி அடைப்புக்கு வெதுவெதுப்பான துணியை மூடிய இமை மேல் 5 முதல் 10 நிமிடம் வைத்து, பிறகு விளிம்பை மெல்ல நீவிவிடுவதே முதல் மருந்து. செலவில்லாதது என்பதாலோ என்னவோ, இதைத் தொடர்ந்து செய்பவர்கள் குறைவு. கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட் கலந்த செயற்கைக் கண்ணீர் உறுத்தலைத் தணிக்கும். நாளுக்கு 4 தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதனப்பொருள் சேராததைக் கேட்டு வாங்க வேண்டும். பென்ஸல்கோனியம் குளோரைடு என்ற பதனப்பொருளே கண்ணின் மேற்பரப்பை அரிக்கும். அழற்சி மிகுந்தால் சைக்ளோஸ்போரின் சொட்டு. பலன் தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். எரிகிறது என்று பாதியில் நிறுத்தினால் பயனில்லை. கண்ணீர் வடியும் துளையைச் சிறு அடைப்பானால் மூடுவதும் உண்டு. மீன் எண்ணெய் மாத்திரைக்குச் செய்யப்படும் விளம்பரம் பெரிது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது ஆலிவ் எண்ணெயைவிட மேலாக உதவவில்லை.

பெரிய ஆபத்து மெடிக்கல் ஷாப் மேசையில் இருக்கிறது. “கண்ணு செவந்திருக்கு” என்றதும் கைக்கு வரும் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கலாம். இரண்டு நாளில் சிவப்பு மறையும். அதை நம்பி மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும், புரையும் வரும். அது மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து. தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், பன்னீர் எதையும் கண்ணில் விடக் கூடாது. எதுவும் கிருமி நீக்கியதல்ல.

கிருமி நீக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2023 காட்டியது. சென்னையை அடுத்த ஓர் ஆலையில் தயாரான செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபட்ட சூடோமோனாஸ் பாக்டீரியாத் தொற்று அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. 4 பேர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர், 4 பேருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது. தமிழக அதிகாரிகள் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று வந்தது. அமெரிக்க ஆய்வாளர்களோ ஆலையின் தூய்மை முறைகளில் குறை கண்டனர். வாங்குபவர் செய்யக்கூடியது: மூடி முத்திரை பார்ப்பது, முனை இமையில் படாமல் விடுவது, பாட்டிலில் அச்சிட்ட கெடுவுக்குள் (பெரும்பாலும் திறந்து ஒரு மாதம்) தூக்கிப் போடுவது. கடும் வலி, வெளிச்சம் தாங்காமை, சீழ், திடீர் மங்கல் இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணாடியைத் தவிர்க்கச் செய்துகொள்ளும் லேசிக் லேசர் சிகிச்சையும் உலர்கண்ணுக்கு ஒரு காரணம். அது கருவிழியின் நரம்புகளைத் துண்டிப்பதால் சில மாதம், சிலருக்கு அதற்கும் மேலாக, கண் உலரும். இதைச் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து முழுமையான ஒப்புதல் ஆகாது. போதிய தகவலோடு பெறுவதே ஒப்புதல் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

மருந்தால் கேடு வந்தால் பாட்டிலை எறியாமல் பில்லோடும் தொகுதி எண்ணோடும் வைத்திருக்க வேண்டும். பக்க விளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வாங்கிய மருந்தைக் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமையை யாருக்கும் தருகிறது. அதைப் பயன்படுத்துபவரைக் காண்பது அரிது. இழப்பீட்டுக்கு முதலில் நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.