இணையக் கலைச்சொற்களும் உடைமை உறவுகளும்

கலைச்சொற்கள் பொருளை விளக்குவன மட்டுமல்ல. சில வேளைகளில் அதனை மறைப்பனவுமாகும். இணையத்துறைச் சொற்கள் சிலவற்றை இந்நோக்கில் ஆராய்வோம்.

இணையம், வலை ஆகியன ஒருபொருட் சொற்களாகவே பெரிதும் வழங்குகின்றன. இது பொருந்தாது. கணினி வலையமைப்புகள் பலவற்றை ஒன்றோடொன்று தொடுக்கும் அமைப்பே இணையம். இதன் முன்னோடியான ஆர்ப்பாநெற் 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியில் உருவாயிற்று. வலையோ அவ்வமைப்பின் மீது இயங்குவது. இணைப்புகளாற் கோக்கப்பட்ட ஆவணத் தொகுதி. ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆய்வுநிலையத்திற் பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989இல் அதனை முன்மொழிந்தார்.

ஆவணத்தின் தலைப்பு, பத்தி, இணைப்பு முதலியவற்றைக் குறித்துக்காட்டுவது எச்.ரி.எம்.எல். எனும் மீயுரைக் குறிமொழி. ஆவணத்தைச் சேமித்து, கேட்போருக்கு அனுப்பும் கணினி வழங்கி. அதனைப் பெற்றுத் திரையிற் காட்டும் மென்பொருள் உலாவி. 1993 ஏப்ரல் 30இல் சேர்ண், வலைக்குரிய தனது மென்பொருளைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க பொதுச்சொத்தாக அறிவித்தது. வலையின் விரைவான பரவலுக்கு இது முக்கிய காரணமாயிற்று.

ஆயின், குறிமொழி பொதுவானமையால் இயந்திரமும் பொதுவாகிவிடவில்லை. ‘மேகம்’ என்னும் சொல் இம்முரண்பாட்டையே மூடிவிடுகின்றது. மேகத்தில் வைத்துள்ளதாக நாம் கூறும் ஆவணம் வானில் மிதப்பதில்லை. மின்சாரத்தையும் நீரையும் மனித உழைப்பையும் வேண்டிநிற்கும் கட்டடங்களில், பிறரது வழங்கிகளில் அது கிடக்கின்றது. அமேசன், மைக்ரோசொப்ற், கூகிள் ஆகிய மூன்று நிறுவனங்களே இவ்வாடகைச் சந்தையின் பெரும்பகுதியைத் தம்வசம் கொண்டுள்ளன.

நமது ஆய்வேடுகளும் இதழ்களும் அங்கு ஒப்படைக்கப்படும் இன்று, ‘இது எவ்வாறு இயங்குகிறது?’ என்பதோடு ‘இது எவருடையது?’ என்பதையும் கலைச்சொல் விளக்கம் உணர்த்துதல் வேண்டும்.