பால்மரத்தின் விதை யாருக்கு உரியது?

கண்டுபிடிப்பு, எழுத்து, இசை, வணிகப் பெயர், புதிய பயிர்வகை என மனித அறிவில் விளைந்தவற்றின் மீது சட்டம் ஏற்றுக்கொள்ளும் உரிமைகளின் தொகுப்பே அறிவுசார் சொத்துரிமை எனப்படுகிறது. மலேசியாவில் காப்புரிமைக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டமும், பதிப்புரிமைக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டமும், வணிகச் சின்னத்திற்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமும் நடப்பில் உள்ளன. இளநிலைச் சட்ட மாணவர் இவற்றின் விதிகளைப் பெரும்பாலும் உள்ளவாறே கற்கிறார். முதுநிலை மாணவரோ ஒரு விதி ஏன் அவ்வாறு வகுக்கப்பட்டது, அதனால் பயன்பெறுவோர் யார், விடுபட்டோர் யார் என்று ஆராய்ந்து சொந்த வாதம் ஒன்றை நிறுவ வேண்டியவர். அத்தகைய ஆய்வுக்கான பொருளைத் தேடி மலாக்காத் தமிழர் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் தொடங்கினார். அதைத் தொடர்ந்து புக்கிட் அசாகானில் அதனினும் பெரிய தோட்டம் எழுந்தது. தமிழ்த் தொழிலாளர் விடியுமுன் நிரைக்குச் சென்று, மரத்தின் உயிர்ப்படலத்தில் உளி படாதவாறு பட்டையை மெல்லிய சாய்கோடாகச் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்த அந்த மரங்களின் தாயகம் தென் அமெரிக்கா. ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளில் சில மறு ஆண்டு சிங்கப்பூரை அடைந்தன. அதனால் பிரேசில் பெற்ற பங்கு ஏதுமில்லை.

இன்றைய நிலை வேறு. விதை, கன்று போன்ற மரபியல் வளங்களின் மீது அவை உள்ள நாட்டிற்கே இறைமை உண்டு என்பதை 1992ஆம் ஆண்டின் உயிரியல் பன்மய உடன்படிக்கை ஏற்றது. மலேசியாவின் 2004ஆம் ஆண்டுப் புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டம், புதிய பயிர்வகையைப் பதிவுசெய்ய விரும்புவோர் அதன் மூலப்பொருள் எங்கிருந்து பெறப்பட்டது என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உறுப்பு நாடுகள் 2024 மே மாதம் நிறைவேற்றிய ஒப்பந்தமும், மரபியல் வளத்தை அடிப்படையாகக் கொண்ட காப்புரிமை விண்ணப்பங்களுக்கு இதே போன்ற கடமையை விதிக்க வகைசெய்கிறது. ஆக, விதைக்கு உரிமை கோர நாடு உண்டு, புது வகையை உருவாக்கியவருக்கும் உரிமை உண்டு. மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கத் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைத்திறனுக்கு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. புதுமையையும் இன்னாரென்று சுட்டத்தக்க ஆக்குநரையும் எதிர்பார்க்கும் சட்டம், பலர் சேர்ந்து வளர்த்த அறிவை எவ்வாறு மதிப்பது என்பதே இத்துறையின் மிகக் கடினமான கேள்வி. தோட்டப்புறத்தில் பிறந்தவர் அதை எழுதும்போது வேறெவருக்கும் வாய்க்காத தெளிவு வாய்க்கும்.

நகரத்து வணிகத்திலும் பாடம் உண்டு. கோலாலம்பூர் ஈப்போ சாலையில் இந்திய மலேசியர் 1999இல் திறந்த 'மெக்கரி' உணவகத்தின் மீது மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தன் சரக்கைப் பிறருடையது என மக்கள் மயங்கும்படி விற்பது தவறு என்ற கொள்கையே அவ்வழக்கின் அடிப்படை. 2006இல் உயர் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. கட்டை விரல்களை உயர்த்திக் காட்டும் கோழிப் படமும், 'மலேசியன் சிக்கன் கறி' என்ற விளக்கமும் கொண்ட பெயர்ப்பலகையைப் பார்த்தவர் யாரும் ஏமாந்திருக்க மாட்டார் என்பது நியாயமான முடிவே.

சட்ட முதுநிலையைப் பாடவழியாகவோ, ஆய்வேடு எழுதியோ முடிக்கலாம். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் சட்டப்புலம் மலாக்கா வளாகத்திலேயே இயங்குகிறது. முதுநிலைப் பட்டம் மட்டுமே ஒருவரை வழக்கறிஞராக்கிவிடாது என்பதை விண்ணப்பிப்போர் மனத்தில் கொள்ள வேண்டும். அதற்கான தகுதித் தேர்வும் பயிற்சியும் தனி. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் உள்ள தமிழ்ச் சட்டப் பட்டதாரிகள் விண்ணப்பத்தோடு தரும் ஆய்வுத் திட்டத்தில் தங்கள் பெற்றோர் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் எழுதட்டும்.