ஸ்போர்ட்ஸ் கார் திடீரென்று நீர் கக்கினால்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது சமணக் கல்வெட்டுகள் பற்றி. வருஷா வருஷம் அதைத்தானே எழுதுகிறேன்! இந்த முறை கடைச் சரக்கைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. தில்லி காஷ்மீரி கேட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வண்டி உதிரிபாகம் விற்பவன் நான். நம் பிள்ளைகளுக்கு இப்போது நல்ல சம்பளம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கைமாற்றாக வாங்கும் ஆசையும் வந்திருக்கிறது. ஆசை தப்பில்லை. ஆனால் அது நடுவழியில் கூலன்ட்டைக் கொட்டிவிட்டால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தருவதில்லை.

என் தங்கை மகனுக்கு அதுதான் நேர்ந்தது. ஒரு ஞாயிறு விடியற்காலை யமுனா எக்ஸ்பிரஸ்வேயிலிருந்து போன் வந்தது.

"மாமா, பின்னால வெள்ளையா ஆவி வந்துச்சு. டெம்பரேச்சர் முள் மேல ஏறிச்சு, இப்ப தானா இறங்கிடுச்சு. மெதுவா ஓட்டிட்டு வந்துடட்டுமா?"

"என்ஜினை அணைடா முதல்ல. மூடியைத் தொடாதே" என்றேன்.

இரண்டுக்கும் காரணம் உண்டு. சூட்டை அளக்கும் சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். நீர் போய்விட்டால் அது வெறும் காற்றில் நிற்கும். முள் இறங்கிவிடும்; உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும். அப்படியே ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

அடுத்தது மூடி. தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் சரிபாதி கலந்த கூலன்ட் சாதாரணமாகச் சுமார் 107 பாகை செல்சியஸில் கொதிக்கும். மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால் 125 பாகைக்கு மேலும் கொதிக்காமல் தாங்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். தொட்டால் சுடாத அளவு ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

இனி நோயறிதல். முதலில், சிந்தியது கூலன்ட்தானா? ஏ.சி.யிலிருந்து சொட்டுவது நிறமும் மணமும் இல்லாத தண்ணீர். கூலன்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், விரலில் வழுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். இரண்டாவது, எங்கிருந்து வந்தது? ஓடும் வண்டியில் காற்று ஈரத்தைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே சொட்டும் இடத்தை நம்பக் கூடாது. நனைந்த பகுதியில் எது மிக மேலே, எது மிக முன்னே என்று பாருங்கள். மெல்லக் கசிந்திருந்தால் காய்ந்த உப்புப் படிவம் இருக்கும். திடீர் ஒழுக்கு என்றால் ஏதோ கழன்றது, அல்லது பிளந்தது என்று பொருள்.

என்ஜின் பின்னால் உள்ள ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் ரேடியேட்டர் முன் வாயில் இருக்கும். அங்கே சருகு சேர்ந்து, ஈரம் தங்கி, உலோகம் அரிக்கும்; கல்லும் அடிக்கும். அங்கிருந்து நீண்ட குழாய்கள் பின்னால் போகின்றன. இணைப்புகள் கூடக் கூட ஒழுகும் வாய்ப்பும் கூடும்.

வண்டியைத் தூக்கிப் போன பட்டறையில் பார்த்த மாத்திரத்திலே "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்றார்கள். யானையின் காலைத் தடவியவன் தூண் என்ற கதைதான். ஒரு பக்கம் பார்த்து முழு உண்மை என்று சொல்லாதே என்பது எங்கள் அநேகாந்தக் கொள்கை. ஆயில் கோலை எடுத்துப் பார்த்தோம். மோர் மாதிரி வெளுக்கவில்லை. ஸ்பார்க் பிளக்குகளிலும் ஈரமில்லை. பிறகு ஆறிய என்ஜினில் கைப்பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்தோம். கேஸ்கெட்டில் கசிவென்றால் முள் ஏறி, மெல்ல இறங்கும். இங்கே அடிக்க அடிக்க ஏறவேயில்லை. பெரிய வாய் ஒன்று திறந்திருக்கிறது!

விளக்கடித்துத் தேடினால், என்ஜின் மேல் அலுமினிய உறைக்குள் பசையால் ஒட்டியிருந்த குழாய் முழுசாகக் கழன்று கிடந்தது. பல வருஷம் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் பசை பிடிவிட்டுவிடும். என்ஜினை இறக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஹெட்டைத் திறக்கும் செலவு மிச்சம். பசைக்குப் பதில் வெல்டிங் வைத்து, கூலன்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றி, கடைசியாகப் புகைவாயுச் சோதனையும் செய்தோம். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்தால் சோதனைத் திரவம் நீலத்திலிருந்து மஞ்சளாகும். நீலமாகவே நின்றது. உடனே அணைத்ததால் என்ஜின் பிழைத்தது.

எழுதத் தூண்டிய காரணத்தைக் கடைசிக்கு வைத்தேன். மிச்சக் கூலன்ட் பட்டறை வாசலில் தேங்கியிருந்தது. ஒரு தெருநாய்க் குட்டி வந்து நக்கப் போனது. விரட்டினேன். அந்த இனிப்புதான் விஷம். சிறிதளவு உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டு உயிர் போகும். பட்டறைப் பையனுக்கு இது தெரியவில்லை. "தண்ணி தானே சார்" என்றான்.

ஆகவே அன்பர்களே, ஒழுக்கை அடைப்பதற்கு முன் சிந்தியதன் மேல் மணலைக் கொட்டி அள்ளுங்கள். அந்த மணலை நாயும் பூனையும் அண்டாதபடி மூடி வையுங்கள். அப்புறம் இடத்தைக் கழுவுங்கள். வண்டி காத்திருக்கும், வாயில்லா ஜீவனுக்கு அது தண்ணீரா விஷமா என்று தெரியாது.