யானைக்கு மதம் பிடிப்பது ஏன்? இரத்தத்தில் விடை கண்ட பேராசிரியர் ஜைனுதீன்

ஜோர்ஜ்டவுன்: மதம் பிடித்த யானைக்குப் பாகனும் தெரியாது, பழகிய முகமும் தெரியாது என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் ஒழுகும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், தீனி குறையும், கட்டளைக்குப் படியாது. இதை நோய் என்றவர்களும் உண்டு, பைத்தியம் என்றவர்களும் உண்டு.

உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அளந்து காட்டியவர்களில் ஒருவர் பேராசிரியர் எம்.ஆர். ஜைனுதீன். இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவருடைய துறை விலங்கு உடலியங்கியல். விலங்கின் உறுப்புகளும் சுரப்பிகளும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் படிப்பு அது. இனப்பெருக்கத்தில் இவர் தேர்ந்தவர்.

இலங்கையில் பாகன்கள் வளர்த்த ஆண் யானைகளின் இரத்தத்தை எடுத்து, அதிலுள்ள டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை இவரும் கட்டோங்கோலே, ரோஜர் ஷார்ட் ஆகியோரும் அளந்தார்கள். முடிவுகள் 1972-இல் வெளிவந்தன. மதம் இல்லாத நாட்களில் ஒரு மில்லிலிட்டர் இரத்தநீரில் இந்த ஹார்மோன் 1.4 நானோகிராமைத் தாண்டவில்லை. மதம் முற்றிய நேரத்தில் அது 30 முதல் 65 வரை ஏறியது. மதத்துக்குச் சற்று முன்னும் பின்னும் 4 முதல் 14 வரை இருந்தது.

ஆக, மதம் நோயல்ல. நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த ஆண் யானைக்கு வரும் இயற்கையான பருவம். அது ஒரே நாளில் வருவதும் இல்லை. உடல் முன்கூட்டியே தயாராகிறது. அந்த நேரத்தில் யானையை வேலையிலிருந்தும் ஊர்வலத்திலிருந்தும் விலக்கி வைத்தால் பாகனின் உயிரும் பிழைக்கும், யானையும் அடி உதையிலிருந்து தப்பும். ஆப்பிரிக்க யானைக்கும் மதம் உண்டு என்பதை ஜாய்ஸ் பூல், சிந்தியா மோஸ் இருவரும் கென்யாவிலிருந்து 1981-இல்தான் உலகுக்கு அறிவித்தார்கள்.

பின்னர் ஜைனுதீன் மலேசியாவுக்கு வந்தார். செர்டாங்கில் உள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தில், அதாவது இன்றைய புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில், பேராசிரியராக இருந்தார். இங்கே அவர் கவனம் எருமைப் பக்கம் திரும்பியது. நெல் வயலில் உழைத்த கெர்பாவ் எருமை ஈன்ற பிறகு அடுத்த சினைக்கு ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது என்பது விவசாயியின் வருமானக் கேள்வி. கன்று தொடர்ந்து பால் ஊட்டும்வரை தாயின் சினைப்பை மறுபடி இயங்கத் தாமதமாகிறது என்பதை இவருடைய குழுவின் 1983-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அந்தக் குழுவில் இருந்த அரிஃப் போங்சோ, 1994-இல் சிங்கப்பூரில் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்துப் புகழ்பெற்றார்.

கால்நடை மாணவர்கள் உலகெங்கும் படிக்கும் ஹஃபேஸின் இனப்பெருக்கப் பாடநூலில் மாடு, எருமை பற்றிய அத்தியாயத்தை எழுதியவர்களில் ஜைனுதீனும் ஒருவர்.

தோட்டத்தில் மாடும் ஆடும் வளர்த்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். பசு எப்போது சினைக்கு வரும், எந்தக் கன்று தேறும் என்பதைப் பார்த்தே சொன்னவர்கள் நம் தாத்தா பாட்டிகள். அந்த அனுபவ அறிவு பல்கலைக்கழகப் படிப்பாகவும் ஆகும் என்பதற்கு ஜைனுதீனின் வாழ்க்கை ஒரு சான்று. எஸ்.பி.எம். முடித்து, உயிரியலில் ஆர்வமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், மருத்துவம் ஒன்றையே சொல்லாமல் இந்தத் துறையையும் சொல்லிப் பாருங்கள்.